தெருவிளக்கைக் கொஞ்சம் நிலம் பார்க்க வையுங்கள்

வன்னியின் பிரதேச சபைகளில் இருக்கும் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் ஒழுங்கை முடக்கில் லைற் போட்டுத் தரச் சொல்லிக் கொடுத்த மனுவில் என்னுடைய கையெழுத்தும் இருக்கிறது. மனுவை எழுதியதே என் பெறாமகள்தான். ரியூசன் முடிந்து ஆறரை, ஏழு மணிக்குச் சைக்கிளில் பிள்ளைகள் வருகிற பாதை அது. மதகடியில் இரண்டு தரம் யானை நின்றிருக்கிறது. மாரியில் பாம்பு. இதையெல்லாம் எழுதி, சந்திக் கடையில் வைத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பினோம். ஏழெட்டு மாதம் கழித்துக் கம்பத்தில் லைற் ஏறியது. அன்று பின்னேரம் ஒழுங்கைச் சனம் முழுக்க வந்து நின்று பார்த்தது. நானும் கைதட்டினேன்.

அப்புறம் வழக்கம்போல எட்டரை மணிக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். படுத்து மேலே பார்த்தால் எனக்குத் தெரிந்த வானத்தைக் காணவில்லை. சாம்பல் பூசினது மாதிரி ஒரு மங்கல், அதில் எண்ணிப் பத்துப் பன்னிரண்டு வெள்ளி. வேலிக்கு மேலால் அந்த லைற் நேராகக் கண்ணுக்குள் அடித்தது. கையால் மறைத்துப் பார்த்தேன். வேலிக்கரையோடு ஒட்டிப் படுத்துப் பார்த்தேன். கடைசியில் வீட்டுக்குப் பின்னால், மாட்டுக்கொட்டிலுக்கும் கிணற்றுக்கும் நடுவில், சாண வாசத்தோடு ஆறடி இருட்டுக் கிடைத்தது. இன்றைக்கும் என்னுடைய வான் பார்க்கிற இடம் அந்த ஆறடிதான்.

நான் படிப்பிக்கிறவன் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். பகலில் வயர் இழுப்பேன், இரவில் வானம் பார்ப்பேன். என்னிடம் இருப்பது பழையதாக வாங்கிய 10×50 பைனாகுலர் ஒன்றும், ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் லீவில் வரும்போது கொண்டுவந்து தந்த நாலரை அங்குலத் தொலைகாட்டி ஒன்றும். லைற்றைப் பற்றி முறைப்பாடு சொல்ல ஒரு வயரிங்காரனுக்கு என்ன வந்தது என்று நினைப்பீர்கள். லைற் போடுவது என் தொழில் என்பதால்தான் எழுதுகிறேன்.

வன்னி வானத்தில் அப்படி என்ன விசேடம்? நாங்கள் இருப்பது மத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில். அதனால் துருவ வெள்ளி எங்களுக்கு அடிவானத்தில் இருந்து 9 பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை முன்னால் நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால், அந்த ஒரு முட்டி உயரம். ஒரு பனை நின்றாலே மறைத்துவிடும். அப்படியே தெற்கே திரும்புங்கள். வைகாசியில் இரவு ஒன்பது மணிபோலத் தென்சிலுவை இரண்டு முட்டி உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். அதே நேரம் முதுகுக்குப் பின்னால், வடக்கே, சப்தரிஷி மண்டலம் உயரத்தில் கவிழ்ந்து கிடக்கும். இரண்டையும் ஒரே முற்றத்தில், தலையைத் திருப்பின நேரத்துக்குள் பார்க்கலாம். என் மச்சான் இருக்கும் ரொறன்ரோவில் தென்சிலுவை அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. சிட்னியில் இருக்கும் சித்திக்குத் துருவ வெள்ளி ஒருநாளும் கிடையாது. பிளேன் ரிக்கற் போட்டு வந்து பார்க்க வேண்டிய இந்த வானத்தை நாங்கள் சும்மா பாய் விரித்துப் பார்க்கிறோம்.

தென்சிலுவைக்குக் கொஞ்சம் இடப்பக்கம், அதைவிட மேலே, ஒமேகா சென்ரோரி என்று ஒன்று இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு ஒரு மங்கல் பொட்டு. பைனாகுலரில் பஞ்சுத் துணுக்கு மாதிரித் தெரியும். ஏறத்தாழ ஒரு கோடி வெள்ளிகள் உருண்டையாகத் திரண்ட கொத்து அது. மூன்று வருடமாக அதை முற்றத்தில் இருந்து வெறுங்கண்ணால் பார்த்தவன் நான். ஆடி, ஆவணியில், கச்சான் காற்றுக் கொஞ்சம் அடங்கின இரவுகளில், விருச்சிகத் தேளின் கொடுக்கில் இருந்து தலைக்கு மேலாகப் பால்வீதி வடக்கே போகும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அதன் நடுப்பகுதி அடிவானத்துப் புகைக்குள் கிடக்கும். எங்களுக்கு அது பாதி வானத்துக்கு மேலே. முடக்கில் லைற் வந்த ஆடி மாதத்தில் இருந்து எனக்கும் அது புகைதான்.

இன்னொன்று. எங்கள் ஊரில் தன் நட்சத்திரம் தெரியாத ஆள் இல்லை. கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போதே ரோகிணி, சித்திரை, சுவாதி என்று சொல்லிவிடுவார்கள். அந்த வெள்ளியைக் கண்ணால் கண்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். பக்கத்து வளவு மாமி கேட்டை நட்சத்திரம். ‘கேட்டை மூட்டை செவ்வாய்க்கிழமை’ என்று சின்னதில் இருந்து ஏச்சு வாங்கியவர். தேளின் நெஞ்சில் சிவப்பாக எரிகிற வெள்ளியைக் காட்டி, மாமி, இதுதான் உங்கடை கேட்டை என்றேன். கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “வடிவாத்தானே கிடக்கு” என்றார். மேற்கு நாட்டவர் அதற்கு வைத்த பெயருக்குச் செவ்வாய்க்குப் போட்டியானது என்று அர்த்தம். கேட்டையையும் செவ்வாயையும் சேர்த்தே திட்டிய எங்கள் ஆட்கள் அதன் நிறத்தைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்று எனக்கொரு சந்தேகம்.

மேலே பார்ப்பது எங்கள் சனத்தில் பலருக்கு நல்ல ஞாபகமாக இருக்காது. போர்க்காலத்தில் கிபிர் குண்டுவீச்சு விமானம் எந்தத் திசையில் வருகிறது என்று பார்த்தோம். வண்டு என்று நாங்கள் சொல்லுகிற வேவு விமானம் சுற்றுகிற சத்தம் கேட்டுப் பார்த்தோம். பரா லைற் என்கிற வெளிச்சக் குண்டு இறங்கினால் ஊரே வெள்ளையாகும், அந்த வெளிச்சத்தில் பங்கருக்கு ஓடினோம். முடக்கு லைற்றைப் பார்த்துவிட்டு ஒழுங்கைக் கடைசி வீட்டு ஆச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பரா லைற் மாதிரியெல்லே நிக்குது. அதெண்டாலும் கொஞ்சத்தால அணையும்.”

நான் பயமில்லாமல் மேலே பார்க்கத் தொடங்கிய நாளைச் சொல்ல முடியும். 2010 சனவரி 15, பொங்கலுக்கு மறுநாள். எனக்குப் பதினாறு வயது, முகாமில் இருந்தோம். அன்று மதியம் வடபகுதி முழுக்கக் கங்கண சூரிய கிரகணம். பார்த்தால் கண் போய்விடும் என்று எங்களைக் கூடாரத்துக்குள் அடைத்து வைத்தார்கள். கண்ணாடி இல்லாமல் பார்க்கக் கூடாது என்பது உண்மைதான், அதில் பெரியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூடாரம் பழைய தறப்பாள், அதில் சின்னச் சின்ன ஓட்டைகள். வழமையாக அந்த ஓட்டைகளால் நிலத்தில் வட்டப் பொட்டாக வெயில் விழும். ஒன்றரை மணிபோல அந்தப் பொட்டுகள் எல்லாம் நடுவில் கறுத்து, ஒவ்வொன்றும் வளையமாயின. பாயில், அம்மாவின் முழங்கையில், தங்கச்சியின் சட்டையில், காசளவு வளையங்கள். பத்து நிமிசம் அளவில் அப்படியே இருந்தன. ஒவ்வொரு ஓட்டையும் சூரியனின் படத்தை நிலத்தில் விழுத்துகிறது என்பது பிறகு புத்தகம் படித்துத்தான் விளங்கியது. அன்றைக்கு விளங்கியது வேறு. வானத்தில் ஒரு காரியம் நடக்கிறது, அது எங்களைக் குறி வைத்து நடக்கவில்லை.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். 2025 செப்ரெம்பர் 7, ஞாயிறு, போயா நாள். முழுச் சந்திர கிரகணம். இரவு 11 மணியில் இருந்து 12.22 வரை, 82 நிமிசம், சந்திரன் முழுதாக மறைப்புக்குள். ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு ஒரு கிழமைக்கு முன்பே சொல்லி வைத்திருந்தேன். முற்றத்தில் பார்க்க வழியில்லை, சந்திரனைவிட லைற் கம்பம் பிரகாசம். ஆகவே பதினாலு பேர், கையில் யானை வெடிப் பெட்டியோடு, குளக்கட்டுக்குப் போனோம். அன்றைக்குச் சனியும் சந்திரனுக்குக் கொஞ்சம் கிழக்கே நின்றது. மறைப்புத் தொடங்க முன்னம் தொலைகாட்டியைச் சனிக்குத் திருப்பினேன். முதலில் பார்த்த பொடியன், “வளையம் எங்க மாமா?” என்றான். 2025இல் சனியின் வளையம் எங்களுக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு நின்ற வருடம். ஒரு பக்கமும் மறு பக்கமும் ஊசி குத்தினது மாதிரி ஒரு கோடுதான். பதினைந்து வருடத்துக்கு ஒருக்கா வருகிற சங்கதியை அவனுக்கு விளக்குவதற்குள் அவனுடைய அம்மம்மா தொலைகாட்டியில் கண் வைக்க மாட்டேன் என்று நின்றார். ஏழரைச் சனி நடக்கிறதாம், அதை வேறு கிட்டப் போய்ப் பார்ப்பதா? திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி பங்குனியிலேயே மாறிவிட்டது அம்மம்மா என்றார் ஒருவர். எங்கள் வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம் என்றார் அம்மம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பதினொரு மணிக்குச் சந்திரன் செம்பு நிறமானது. பூரணைச் சந்திரன் அடித்துக் கழுவி வைத்திருந்த வானத்தில் ஒவ்வொன்றாக வெள்ளி வரத் தொடங்கியது. மேற்கே பால்வீதி மங்கலாக எழும்பியது. அதுவரை போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் போனை வைத்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும், எங்கள் வீட்டிலும் முன்னம் இப்படித்தானே தெரிந்தது என்றாள். மனு எழுதின பெறாமகள்தான்.

இனித் தொழில்காரனாகப் பேசுகிறேன்.

எங்கள் முடக்கு லைற்றில் மூன்று பிழை. ஒன்று, தலை சரிந்து நிற்கிறது. கம்பத்துக் கை மேல்நோக்கி வளைந்து, எல்ஈடித் தலை அடிவானத்தைப் பார்க்கிறது. வெளிச்சத்தில் நல்ல பங்கு எங்கள் தென்னை வட்டுக்கும் எதிர்வீட்டுப் படுக்கை அறைக்கும் போகிறது. யானை நின்ற மதகடியில் முன்னையைவிடக் கறுப்பு நிழல். இது கற்பனை இல்லை, நடந்து பார்த்தேன். லைற்றை நோக்கி வருகிறவனுடைய கண் கூசி, கண்மணி சுருங்கிவிடும். அதற்குப் பின்னால் ஒரு பசுமாடு படுத்திருந்தாலும் முட்டுப்படும் வரை தெரியாது. எங்கள் கண் இருட்டுக்குச் சரியாகப் பழக இருபது, முப்பது நிமிசம் எடுக்கும். அதைக் கெடுக்க ஒரு நொடி போதும். யானைக்குப் பயந்து போட்ட லைற், யானையை மறைக்கிற இடத்தில் நிற்கிறது.

இரண்டாவது, நிறம். பெட்டியில் 6500 கெல்வின் என்று அச்சடித்து வருகிற நீலம் கலந்த வெள்ளை அது. பகல் வானம் ஏன் நீலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நீல ஒளி காற்றில் பட்டுச் சிதறுவது கூட. இரவிலும் காற்று அதே காற்றுத்தான். நீலம் கூடின லைற் போட்டால் அது ஊருக்கு மேலே ஒரு குடை மாதிரிச் சிதறி நிற்கும். 2700 அல்லது 3000 கெல்வின் என்று எழுதிய மஞ்சள் சாயல் எல்ஈடிகளும் கடையில் கிடைக்கின்றன. பழைய குண்டு பல்ப் வெளிச்சம் மாதிரி, வெத்திலைக் கடைக்கு முன்னால் நின்று கதைக்கத் தோதான வெளிச்சம்.

மூன்றாவது, நேரம். பதினொரு மணிக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் நடமாடுவது நாய்கள் மட்டும். லைற் விடிய ஆறு மணி வரை அதே பிரகாசத்தில் எரிகிறது.

சபையின் கம்பத்தில் நான் கை வைக்க முடியாது, வைக்கவும் இல்லை. என் வீட்டு வாசல் லைற்றில் செய்து பார்த்தேன். வெறுமையான எண்ணெய் ரின்னை வெட்டிக் கவசமாக வளைத்து, 9 வோட் மஞ்சள் பல்ப் ஒன்றை அதற்குள் போட்டேன். வாசல், படி, படலை வரை செருப்புத் தேடி எடுக்கிற அளவுக்கு வெளிச்சம். முற்றத்தின் மற்றப் பக்கத்தில் நின்றால் பல்ப்பே தெரியாது. பார்த்துவிட்டு இரண்டு வீட்டார் தங்களுக்கும் செய்து தரக் கேட்டார்கள். வானத்துக்காக இல்லை, பூச்சி வருவது குறைவாம். இருக்கட்டும், எந்தக் காரணத்தால் என்றாலும் லாபம்தான்.

உங்களில் சிலர் சொல்லப்போவது எனக்குத் தெரியும். இருட்டில் இருந்தது போதாதா? 1990களில் போன கரண்ட் எங்கள் ஊருக்குத் திரும்பி வர, போர் முடிந்தும் சில வருடம் எடுத்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தது குப்பி விளக்கில். கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ரோர்ச் லைற்றுக்குப் பற்றரி இல்லாமல் நின்ற அம்மாக்களைக் கண்டவன். அந்த இருட்டு அழகு என்று யாராவது சொன்னால் முதலில் சண்டைக்குப் போகிறவன் நானாக இருப்பேன். முதல் தடவை எங்கள் வீட்டில் சுவிச் போட்டபோது அம்மா அழுதார். ஆகவே லைற்றைக் கழற்றச் சொல்லி நான் எழுதவில்லை. பிள்ளை நடக்கிற நிலத்துக்கு வெளிச்சம் வேண்டும், முழுதாக வேண்டும். தென்னை வட்டுக்கு எதற்கு?

இது எனக்கு மட்டும் பிடித்த பைத்தியமும் இல்லை. அமெரிக்காவில் பிளாக்ஸ்ராஃப் என்ற நகரம் 1958இலேயே வானத்தைக் கெடுக்கிற விளக்குகளுக்குச் சட்டம் போட்டது. பக்கத்தில் பெரிய தொலைகாட்டி நிலையங்கள் இருந்ததால். இன்றைக்கும் அங்கே தெருவிளக்கு எரிகிறது, பால்வீதியும் தெரிகிறது. லடாக்கில் ஹன்லே என்ற இடத்தைச் சுற்றி 1,073 சதுர கிலோமீற்றரை 2022இல் இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள். கிராமத்து ஆட்களுக்கே தொலைகாட்டி கொடுத்துப் பழக்கி, வருகிறவர்களுக்கு வானம் காட்ட வைத்திருக்கிறார்கள். நாளைக்கே வன்னிக்கும் உல்லாசப் பயணிகள் வரிசையில் வருவார்கள் என்று ஆசை காட்ட நான் வரவில்லை. வந்தால் நல்லது, வராவிட்டாலும் வானம் எங்களுக்கு வேண்டும்.

அவசரம் ஏன் என்றால், 2011 தொடக்கம் 2022 வரை பல நாட்டுச் சனங்கள் வெறுங்கண்ணால் பார்த்து அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகளை வைத்து 2023இல் ஓர் ஆய்வு வந்தது. அநேகமானவை ஐரோப்பாவில், வட அமெரிக்காவில் இருந்து வந்த பதிவுகள். வானம் வருடத்துக்குச் சராசரி 9.6 சதவீதம் வெளிச்சமாகிக்கொண்டு போகிறதாம். 250 வெள்ளி தெரிகிற ஊரில் பிறந்த பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்போது 100தான் மிஞ்சும். அவர்கள் இழந்த பிறகு கணக்குப் பார்க்கிறார்கள். எங்களிடம் இன்னும் கையில் இருக்கிறது. இரணைமடுப் பக்கம், முத்தையன்கட்டுப் பக்கம், வவுனிக்குளம் பக்கம் இரவில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உங்கள் கையில் இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். முல்லைத்தீவுக் கரையில் கிழக்கே பார்த்தால் சில இரவுகளில் கடலே விடிந்தது மாதிரி இருக்கும். வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிக்கிற படகுகள். 2024 செப்ரெம்பர் கடைசியில் சூசின்சான்-அட்லஸ் வால்வெள்ளியை விடியப்புறம் அங்கேதான் போய்ப் பார்த்தேன், அந்த வெளிச்சத்துக்கு மேலாக. கரையோர மீனவர்கள் அதை எதிர்த்துப் போராடுவது வயிற்றுப்பாட்டுக்காக. என்னுடையது அதற்குப் பக்கத்தில் வைக்கிற அளவு குறை இல்லை. கோயில் திருவிழா லைற்றுகளையும் நான் தொடவில்லை. பத்து நாள் எரியட்டும், அது வேறு.

நான் கேட்பது சின்னது. இனி வாங்குகிற தெருவிளக்குகளுக்கு விலை கேட்கும்போது 3000 கெல்வினுக்கு மேற்படாதது, மேல்பக்கம் மூடியது என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். ஏற்கெனவே போட்டவற்றில் தலையைத் திருப்பக்கூடிய விளக்குகளில் ஒரு நட்டைத் தளர்த்தி மட்டமாக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். உங்கள் ஆட்களோடு கூட நின்று ஒரு சனி, ஞாயிறு செய்து தர நான் தயார், கூலி வேண்டாம். சந்தி, ஆஸ்பத்திரி வாசல், பஸ் தரிப்பிடம் விடிய விடிய எரியட்டும். உள் ஒழுங்கைகளில் பதினொரு மணிக்குப் பிறகு குறைப்பதா இல்லையா என்று அந்தந்த ஒழுங்கைப் பெண்களிடம் கேட்டு முடிவெடுங்கள், எங்களை மாதிரி ஆம்பிளைகளிடம் கேட்க வேண்டாம். யானை வருகிற பாதையில் எங்கே லைற், எங்கே இருட்டு என்பது வனசீவராசிக்காரருக்கும் வயல்காரருக்கும் என்னைவிட நன்றாகத் தெரியும். குளக்கட்டுகளுக்கு மட்டும் அலங்கார லைற் போடுகிற யோசனை இருந்தால், தயவுசெய்து வாக்கெடுப்புக்கு முன்னம் ஒருநாள் எங்களோடு வந்து இருந்துவிட்டுப் போங்கள்.

மாரி முடிந்து வருகிற மாசி அமாவாசை தோதான நாள். இரவு எட்டு மணிக்குத் தெற்கே குளத்துக்கு மேலே, மூன்று முட்டி உயரத்தில் அகத்தியர் என்கிற வெள்ளி நிற்பார். மேற்கே கார்த்திகைக் கூட்டம், உச்சிக்குக் கிட்டத் திருவாதிரை. பாய் நாங்கள் கொண்டு வருவோம், முழங்கால் ஏலாதவர்களுக்குப் பிளாஸ்ரிக் கதிரையும் இருக்கும். தேத்தண்ணி ஒழுங்கைப் பொறுப்பு. நுளம்பு கடிக்கும், நீளக் கைச் சட்டை போட்டு வாருங்கள். வாகன லைற்றைக் கட்டுக்குக் கீழேயே அணைத்துவிட்டு, போனையும் உள்ளே வைத்துவிட்டு வர வேண்டும். முதல் இருபது நிமிசம் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. அதற்குள் எழும்பிப் போய்விடாதீர்கள்.

இப்படிக்கு,
முடக்கு லைற்றுக்குக் கையெழுத்துப் போட்ட ஒரு வயரிங்காரன்,
வன்னி